போணிக்குப் பிறகு எடுத்த படம்

எக்ஸ்ரே மரியராஜ் சார் இறந்துவிட்டார் என்று டீக்கடை முருகன் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. எந்த மரியராஜ், யார் சொன்னது, நேரில் பார்த்தாயா என்று கேட்டேன். பிறகு இரண்டு பேருக்குப் போன் போட்டு விசாரித்தேன். கண்முன்னால் கறந்த பாலிலும் தண்ணீர் இருக்குமோ என்று பார்க்கிறவன் நான். அவரைத் தெரிந்த உங்களுக்கு என்னையும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அதற்குப் பின் கழுத்தில் கேமராவோடு திண்டுக்கல் தெருக்களில் அலைந்தார். மலைக்கோட்டையையோ தாடிக்கொம்புக் கோயில் தூண்களையோ எடுத்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர் எடுத்ததெல்லாம் துருப்பிடித்த ஷட்டர், கிழிந்த சுவரொட்டி, சிக்கிக் கிடக்கும் கேபிள் ஒயர், சாக்கடை மூடி.

ஒரு திங்கள்கிழமை காலை என் இரும்புக்கடை முன்னால் நின்று கேமராவைத் தூக்கினார். "இன்னும் போணி ஆகல சார், படம் கிடம் எடுக்காதீங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் ஒரு தாழ்ப்பாள் வாங்கினார். "இப்ப ஆயிருச்சுல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டு எடுத்தார். காட்டச் சொன்னேன். கறுப்பாக ஒரு கோடு, ஓரத்தில் ஒரு துண்டு நீலம்.

"இதுல என் கடை எங்க சார்?"

"கடை எதுக்கு? அந்தக் கோடு போதும். முப்பது வருசம் ஆளுக மூஞ்சியப் பாக்காம எலும்பத்தான பாத்தேன். அந்தப் பழக்கம்."

அன்றிலிருந்து திங்கள்தோறும் ஒரு தாழ்ப்பாள், ஒரு படம். ஒரு மனுசனுக்கு எத்தனை தாழ்ப்பாள் வேண்டும்? அதுவே எனக்கு உறுத்தியது.

ஒருநாள் மாநகராட்சி ஆட்கள் வந்து, ஆக்கிரமிப்பு என்று டேப் பிடித்து அளந்து, சாக்கடைமேல் நாங்கள் இறக்கியிருந்த கூரைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். என் கடையின் நீலத் தார்ப்பாயும் போனது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. "போட்டுக் குடுத்தது நம்ம கேமராக்காரருதான்" என்று தெரு முழுக்கச் சொன்னேன். முருகன் அவருக்கு டீ கொடுப்பதை நிறுத்தினான்.

அடுத்த திங்களும் வந்தார். கேமராவை என் மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையும் பாருங்க தம்பி. ஒரு கடை போர்டாவது இருந்தாச் சொல்லுங்க." நான் தொடவில்லை. "அழிச்சுட்டுத்தான கொண்டாந்திருப்பீங்க" என்றேன். கேமராவைத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டு, படம் எடுக்காமல் போனார். அதன்பின் எங்கள் தெருப்பக்கம் அவர் வரவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனபோதும் என் மனசில் வேவு பார்க்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தது. மகள் ஒரு பெட்டி நிறையப் படங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர்ப்பலகை இல்லை, கதவு எண் இல்லை, ஓர் ஆள் முகம் இல்லை. கட்டமும் கோடும் நிழலும்தான். எந்தத் தெரு என்று ஊர்க்காரனாலேயே சொல்ல முடியாது. என் கடையையே என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை வைத்துக்கொண்டு யாரை யார் காட்டிக்கொடுப்பது? அழித்த படங்கள் இருந்திருக்கலாமே என்று மனம் அப்போதும் கேட்டது. எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இதுதான் அங்கிள் உங்க கடை" என்று அவள் ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் அவர் கையெழுத்து: 'இரும்புக்கடை. போணிக்குப் பிறகு.' அலமாரியில் அத்தனை தாழ்ப்பாள்களும் காகிதம் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

டீக்கடைக்கு வந்து, "அவரு யாரையும் போட்டுக் குடுக்கலப்பா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். முருகன் கிளாஸ் கழுவிக்கொண்டே, "செத்தவங்கள யாருண்ணே தப்பாச் சொல்லுவா, விடுங்க" என்றான். செத்துப்போனவர் என்பதால் நல்லபடியாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். நான் போட்ட சந்தேகம். என் பேச்சுக்கே அது அசையவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். அவரைப் பற்றி அன்று நான் சொன்னது பொய்.

அந்தப் படத்தை மகளிடம் கேட்டு வாங்கி வந்து என் மேசைக்கு நேரே மாட்டியிருக்கிறேன். என் நீலத் தார்ப்பாயின் மூலை இப்போது அதில் மட்டும்தான் இருக்கிறது. இது என்ன படம் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். என் கடை என்கிறேன். யாரும் நம்புவதில்லை.