தொடையிடுக்கில் ஒரு கட்டி

ஆருத்ரா தரிசனத்துக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் போவதாக வேண்டிக்கொண்டு, அதற்கு முந்தின பத்து நாளும் விரதமாக ஊருக்குள் செருப்பில்லாமல் நடமாடினேன். மூன்றாம் நாள் காலில் ஏறிய கருவேல முள்ளைப் பிடுங்கிப் போட்டதோடு அதை மறந்தும் போனேன்.

பிறகு தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி வந்தது. கெட்ட வியாதிதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவிக்குத் தெரியாமல் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, "நடராசா, இதைக் கரைச்சிடு" என்று தினமும் அழுதேன்.

வேட்டியில் சிவப்புக் கறையைப் பார்த்து அவள் பிடித்துவிட்டாள். "ஏங்க, எங்கிட்டயே மறைக்கிறாப்ல அப்படி என்ன புதையல்?" என்று டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

விவரம் கேட்ட டாக்டரம்மா, "பாதத்தைக் காட்டுங்க" என்றார்.

"நோவு மேல இருக்குதும்மா."

"திருடன் எங்கன்னா போலீஸ் ஸ்டேஷனைக் காட்டுறீங்களே!"

உள்ளங்காலில் முறிந்திருந்த முள்முனையை எடுத்தபடியே சொன்னார்: "ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுங்க, குழாய்ச் சுவரோரமா உருண்டு வந்து, சந்து பார்த்து வெளிய நுழைஞ்சி, சதைக்குள்ள ஊர்ந்தே முள்ளுகிட்ட வந்துடும். சிலது கிருமியில கொஞ்சம் எடுத்துட்டுப் போயி தொடையிடுக்குல இருக்கிற நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, சேதி சொல்லும். அங்க ஆளு சேருது, அதான் வீங்குது."

"தேர் வீதிக் கூட்டத்துல இவரு சந்துல பூந்து வடைக் கடைக்குப் போற மாதிரி!" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம்.

தரிசனத்தன்று சந்நிதியில் கைகூப்பி நின்றேன். நான் அழுதுகொண்டிருந்த நாளெல்லாம் எனக்குள்ளே எனக்காக ஊர்ந்துகொண்டிருந்தவர்களை நினைத்துக் கண் நிறைந்தது. அவர்கள் கூடிய இடத்தைத்தான் கரைக்கச் சொல்லி வேண்டியிருக்கிறேன். நல்லவேளை, நடராசர் அதைக் காதில் வாங்கவில்லை.