நான் லைன்லதான் இருக்கேன்

திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுக்கும் வேலைகள் உலகத்தில் சில உண்டு. அவள் அவற்றில் இரண்டைப் பார்த்துவிட்டாள். முதலாவது, குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலை. இரண்டாவது, நகர வானொலியில் மாலை விவாதத்துக்கு வரும் அழைப்புகளை எடுத்து, யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் வேலை.

குடிநீர் வாரியத்தில்தான் அவள் தொழிலைக் கற்றாள். கொதித்துப் போய் ஃபோன் பண்ணுகிறவனிடம் "கோபப்படாதீங்க" என்றால் தொலைந்தோம். "நல்லா திட்டுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், பரம்பரை முழுக்க இழுத்துத் திட்டி முடித்து, மூச்சு வாங்கி, "எங்க தெருவுக்குத் தண்ணி வரலம்மா" என்ற விஷயத்துக்கு அவனே வந்து சேருவான். அதை மட்டும் எடுத்துத் தண்ணீர் லாரிக்காரனிடம் சொல்வாள். ஒருநாள் அந்த லாரிக்காரன், "ஊர்த் திட்டையெல்லாம் நீங்களே வாங்கிக்கிட்டு எனக்கு விலாசத்தை மட்டும் குடுக்குறீங்களே, உங்களுக்கு வலிக்காதா?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவனையே கட்டிக்கொண்டாள்.

பிறகு பக்கத்து நாட்டுப் படை எல்லையைத் தாண்டி வந்தது. வாரியக் கட்டடத்தின் கூரை முதல் குண்டிலேயே இறங்கிவிட்டது. லாரிக்காரன் ராணுவத்துக்குப் போனான். அங்கேயும் அதே வேலைதான். ஆற்றங்கரை ஊரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் ஆட்களுக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொண்டுபோகிற லாரி. அவள் வானொலிக்கு வந்தாள்.

நிகழ்ச்சியில் நிரந்தரமாக மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர், பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், ஆளுங்கட்சிக்காரர் ஒருவர். ஆற்றங்கரை ஊரை விட்டால் தலைநகருக்கு வழி திறந்துவிடும் என்பார் அதிகாரி. பொருளாதாரத் தடை எதிரியின் கழுத்தை இறுக்குகிறது, குளிர்காலம் முடிவதற்குள் அவன் வண்டிக்கு டீசல் இருக்காது என்பார் பேராசிரியர். எல்லாம் நாட்டுத் தலைவருக்குத் தெரியும் என்பார் கட்சிக்காரர். அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

அழைப்பவர்கள் பெயரோ ஊரோ சொல்லக் கூடாது. எதிரியும் கேட்டுக்கொண்டிருப்பான் இல்லையா, அதனால் தொழிலை மட்டும் சொல்வது போர்க்கால வழக்கமாகிவிட்டது. "டாக்ஸிக்காரன் பேசுறேன். போன குளிர்காலத்துலயும் இதையேதான் சொன்னீங்க பேராசிரியரே, எந்த வருஷத்துக் குளிருன்னு தெளிவா சொல்லிடுங்க." "கறிக்கடைக்காரன் பேசுறேன். சேனாதிபதியை மாத்தாம ஒண்ணும் நடக்காது." இப்படி. எல்லோரும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். "என்கிட்ட திட்டித் தீர்த்துடுங்க, உள்ள போய் விஷயத்தை மட்டும் பேசுங்க" என்பாள். அதனால்தான் அந்த நிகழ்ச்சியில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கேட்காது. அவ்வளவும் அவள் காதிலேயே தங்கிவிடும்.

அவள் மேஜையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் அழைப்பு அறுந்துவிடும். அடுத்த அறையில் ஒலிப்பதிவாளர் மீசை. மீசையை எடுத்து வருஷக்கணக்காகியும் பெயர் போகவில்லை. அவர் பக்கத்தில் ஒரு இயந்திரம். ஒலிபரப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையென்றால் மஞ்சள் விளக்கு எரியும், பிறகு தானாகவே அணிவகுப்புப் பாட்டு கிளம்பிவிடும். ஒருநாள் படை அதிகாரி பேச்சை நிறுத்திவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தார், பாட்டு வந்துவிட்டது. மனிதர் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அன்றிலிருந்து அவர் ஒரு கண்ணை விளக்கின் மேல் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பார்.

"தலைவரைக் குறை சொல்றவங்களை உள்ள விடாதம்மா" என்று மேனேஜர் வாரம் தவறாமல் சொல்வார்.

"குறை இல்லாதவங்க ஃபோனே பண்ண மாட்டாங்க சார்" என்று அவளும் வாரம் தவறாமல் சொல்வாள்.

ஆனால் குறையே சொல்லாத ஓர் ஆள் இருந்தது. தையல்காரம்மா. திங்கட்கிழமை தோறும் கூப்பிட்டுத் தலைவருக்கு நன்றி சொல்கிற குரல். படைக்குக் குளிர் ஜாக்கெட் அனுப்பியாகிவிட்டது என்று தலைவர் அறிவித்தபோது அந்த அம்மா வானொலியிலேயே அழுதுவிட்டாள். மேனேஜருக்கு அந்தக் குரலைக் கேட்டால் வயிறு குளிரும். அது யார் என்று அவருக்குத் தெரியாது. லைனை எடுக்கும் அவளுக்குத் தெரியும். அது அவள் மாமியார்.

வீட்டில் இரண்டு பேருக்கும் தலைவர் விஷயத்தில் ஓயாத சண்டை. காலையில் "தலைவரைப் பத்திப் பேச உனக்கு என்ன தகுதி இருக்கு" என்று கத்திய அதே வாய், சாயங்காலம் லைனில் வந்து "வணக்கம்ங்க, தையல்காரம்மா பேசுறேன்" என்று தேன் ஒழுகப் பேசும். இவளும் விட்டுக்கொடுக்காமல் "சொல்லுங்கம்மா" என்பாள். இரவில் சாப்பிடும்போது இருவரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. இந்த நாடகம் யாருக்காக என்று இருவருக்குமே தெரியாது.

ஒரு திங்கட்கிழமை தலைவரே நிகழ்ச்சிக்கு வருவதாக முடிவானது. அறைக்குப் புது நாற்காலி வந்தது. பேராசிரியர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். மேனேஜர் அவள் மேஜையருகே வந்து குனிந்து, "இன்னிக்குத் தையல்காரம்மாவை முதல்ல விடு. அப்புறம் நான் சொல்ற ஆளுங்க. வேற ஒரு ஈ உள்ள போகக் கூடாது. போச்சுன்னா உன் வேலையும் போச்சு" என்றார். இந்த வேலை போனால் வீட்டில் உலை வைப்பது மாமியாரின் தையல் மிஷினை நம்பித்தான். அதுவும் மின்சாரம் இருக்கிற நாளில் மட்டும்.

லைன் வந்தது.

"வணக்கம்ங்க, தையல்காரம்மா பேசுறேன்."

"சொல்லுங்கம்மா. தலைவர்கிட்ட என்ன கேக்கப் போறீங்க?"

அந்தப் பக்கம் குரல் மாறியது. அது வீட்டுக் குரல்.

"முதல்ல உன்னைத் திட்டணும். ஊரான் ஃபோனையெல்லாம் எடுத்துக்கிட்டு அங்க உக்காந்திருக்க, நம்ம வீட்டு ஃபோனை எடுக்க ஆளில்ல. முந்தாநாள் எம் பையன் கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன்."

"என்ன சொன்னாரு அத்தை?" அந்த லைனில் அவள் 'அத்தை' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஊசி நூல் அனுப்புன்னான். ஜாக்கெட் வரவே இல்லையாம். போன வருஷத்துதையே தைச்சுத் தைச்சுப் போட்டுக்கிறானுங்களாம். அவனை மாத்தி அனுப்ப ஆளும் வரலையாம். நான் ரேடியோல நன்றி சொன்னேனே! அழுதேனே! என்னைப் பாத்து ஊரே சிரிச்சிருக்கும். எம் பையனுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது, தெரியுமா உனக்கு?"

"ரெண்டு நாளா ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ ஜெயிச்சுட்டன்னு நெனைப்ப."

அவளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "திட்டுங்க அத்தை" என்றாள். மாமியார் ஆரம்பித்தாள். தலைவர், சேனாதிபதி, தடை போட்ட நாடுகள், அந்தத் தடையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் பேராசிரியர், ஒருவரையும் விடவில்லை. குடிநீர் வாரியத்திலேயே கேட்டிராத வார்த்தைகள் இரண்டு மூன்று அதில் இருந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையை ஆட்டி அவசரப்படுத்தினார். இந்த அழைப்பை ஓரங்கட்டிவிட்டு அவருடைய ஆளை உள்ளே விடலாம். வேலை தங்கும். மாதா மாதம் சம்பளம் வரும். லாரிக்காரன் அங்கே பழைய ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டிருப்பான், இங்கே தலைவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பார்கள். நினைக்கவே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை, திட்டெல்லாம் எங்கிட்டயே இருக்கட்டும். கேள்வியை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ள போங்க" என்று சொல்லி லைனைத் தள்ளிவிட்டாள்.

"நம் அன்புக்குரிய தையல்காரம்மா" என்று கட்சிக்காரர் வாயெல்லாம் பல்லாக அறிமுகம் செய்தார். "உங்களைப் போன்ற வீரத்தாய்மார்கள் இருக்கும்வரை..." என்று தலைவர் தொடங்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் ஐயா" என்றாள் மாமியார். "எம் பையன் ஆத்தங்கரை ஊர்ல நிக்கிறான். தடை பலிக்கிற வரைக்கும் நில்லுங்கிறீங்க. நிப்பான். பயந்து ஓடி வான்னு கூப்பிடுற குடும்பம் இல்ல எங்க குடும்பம். ஆனா எதுவரைக்கும் நிக்கணும்? நீங்க சொன்ன ஜாக்கெட் போய்ச் சேரல. மாத்து ஆளும் போகல. அவன் எங்கிட்ட ஊசி நூல் கேக்குறான். ஜாக்கெட் என்னிக்குப் போகும், மாத்து ஆள் என்னிக்குப் போகும், ஒரு தேதி சொல்லுங்க."

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் அறைக்குள் வந்தார். "கட் பண்ணு! கட் பண்ணும்மா!"

அவள் சிவப்புப் பொத்தானின் மேல் கையைக் கவிழ்த்து மூடிக்கொண்டாள்.

"எதிரி கேட்டுக்கிட்டிருக்கான்!"

"கேக்கட்டும் சார். நம்ம ஊர்ல ஒரு தையல்காரி தலைவரையே நிக்க வச்சுக் கேள்வி கேக்கலாம்னு அவனுக்குத் தெரியட்டும். அவன் ஊர்ல கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

தலைவர் பேசவில்லை. பேராசிரியர் தன் காகிதங்களுக்குள் எதையோ தேடினார். படை அதிகாரி தண்ணீர் டம்ளரைத் தொடக்கூட இல்லை. மீசையின் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மேனேஜர் முகத்தில் உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பாட்டு கிளம்பும், எல்லோர் மானமும் தப்பும்.

"நான் லைன்லதான் இருக்கேன் ஐயா" என்றது குரல். "நிதானமா யோசிச்சு சொல்லுங்க."

விளக்கு அணைந்தது. மறுபடி மௌனம். மறுபடி மஞ்சள்.

"லைன்லதான் இருக்கேன்."

மூன்றாவது முறை விளக்கு எரிவதற்குள் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கிட்ட தேதி இல்லம்மா" என்றார்.

"அப்ப இருக்கிற மாதிரி பேசாதீங்க ஐயா. தேதியோட வாங்க. நான் மறுபடி கூப்பிடுறேன்" என்று மாமியார் ஃபோனை வைத்தாள். அந்த அழைப்பை யாரும் அறுக்கவில்லை. அவளாகத்தான் வைத்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மேனேஜர், "நாளைலேருந்து நீ வர வேண்டாம்" என்றார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி, அதன் வயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வீட்டில் மாமியார் பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுத் துணியில் ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் நீளமாக நூல் கோத்து முடிச்சும் போட்டிருந்தது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு ஊசியை எடுத்தாள்.

"முடிச்சைப் பெருசா போடு. அவன் கை விரைச்சுப் போயிருக்கும்" என்றாள் மாமியார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்று தலைவரைப் பற்றியும் சண்டையில்லை.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. மீசை. "தாயே, இங்க குடி முழுகிப் போச்சு. லைன் பூரா ரொம்பிக் கிடக்கு. டாக்ஸிக்காரன், கறிக்கடைக்காரன், எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க. 'நான் லைன்லதான் இருக்கேன்.' கட் பண்ணா திரும்பக் கூப்பிடுறாங்க. மேனேஜரோட ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள வர முடியல. புதுசா உக்கார வச்ச பொண்ணு அழுதுக்கிட்டிருக்கு."

பின்னாலிருந்து மேனேஜர் ஃபோனை வாங்கினார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா."

"வந்துட்டுப் போக மாட்டேன் சார். வந்தா இருப்பேன். அந்தச் சிவப்புப் பொத்தான் என் மேஜையில இருக்கக் கூடாது."

"மீசை," என்று மேனேஜரின் குரல் தூரத்தில் கேட்டது, "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

அவள் போய் உட்கார்ந்தபோது மேஜையில் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளே மூன்று பேரும் தத்தம் நாற்காலியில் காத்திருந்தார்கள். தலைவர் வரவில்லை. அவர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கையில் தேதி எதுவும் இல்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் லைனை எடுத்தாள்.

"வணக்கம்ங்க, தையல்காரம்மா பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"தேதி வந்துச்சா?"

"வரலைங்க."

"அப்ப உள்ள விடு."