வெட்டிய பெயருக்கும் ஓர் இடம்

இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தனியாக மன்னாருக்குத் திரும்பியவள் நான். அம்மாவும் அண்ணன் குடும்பமும் முகாமிலேயே நின்றுவிட்டார்கள். "நீ முதல் போய்ப் பார், சரிவந்தா நாங்களும் வாறம்" என்று அம்மா சொல்லி அனுப்பினார். உப்புக்குளத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தேன். இந்தியாவில் படித்த கணினி டிப்ளோமாவை நம்பி, படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்று என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் இந்தியத் தமிழ்தான் வரும். நான் "வர்றேன்" என்றால் மெக்கானிக்மார் சிரிப்பார்கள். கெட்ட மனதோடு அல்ல. ஆனாலும் கொஞ்ச நாளில் பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

பட்டறையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் அட்டை இருந்தது. மேலே எஞ்சின் நம்பர், அதற்குக் கீழே சொந்தக்காரர் பெயர், பிறகு என்ன பழுது, என்ன பாகம் மாற்றியது என்ற விவரம். சனங்கள் ஊர் திரும்பத் திரும்பக் கடலில் படகுகளும் கூடின. முதலாளி வங்காலையில் ஒரு கிளையும் சிலாவத்துறையில் ஒரு கிளையும் திறந்தார். வங்காலையில் கழற்றிப் போட்ட எஞ்சினின் அட்டை மன்னாரில் கிடக்கும். நம்பரை ஃபோனில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டும். ஒருநாள் அட்டை பாராமல் வேறு அளவுப் பாகத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்த எஞ்சின் கடலில் நின்றுபோய், படகை இன்னொரு படகில் கட்டி இழுத்து வந்தார்கள்.

மறுநாள் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, உதெல்லாத்தையும் கம்பியூட்டரிலை போட வேணும். எது நல்லது எண்டு நீரே பார்த்துச் சொல்லும். எனக்கு உது விளங்காது."

அங்கே வேறு யாருக்கும் அது விளங்காது. கேட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். "ஏதோ நல்லதாப் பார்த்து எடு, நேரத்துக்குச் சாப்பிடு" என்றார்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பாகக் கணக்குக்கு நான் ஏற்கெனவே பாவித்த எக்செல் தாளையே பெரிதாக்கலாம். ஆனால் மூன்று இடத்தில் மூன்று பேர் எழுதினால் எது சரியான தாள் என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும். கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஆயத்தமான மென்பொருளை எடுக்கலாம். அல்லது இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளம் ஒன்றை இறக்கி, அதன்மேல் நானே கட்டலாம். அது உடைந்தால் நானேதான் திருத்த வேண்டும். அதை நினைத்து, கொழும்புக்காரரையே எடுப்போம் என்று பாதி முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் ஓர் அக்கா வந்தார். கையில் கசங்கிய ஒரு கடதாசி. அதில் ஓர் எஞ்சின் நம்பர்.

"இது என்ரை தம்பியின்ரை இஞ்சின், தங்கச்சி. கடைசிச் சண்டையிலை அவன் காணாமல் போயிட்டான். இடம்பெயரேக்கை இஞ்சின் கரையிலை கிடந்தது. இஞ்சை ஆராவது கொண்டுவந்தவையோ?"

"தேடிப் பாக்கிறேன்" என்றேன். இரண்டு நாள் தேடினேன். மன்னாரில் இல்லை. சிலாவத்துறைப் பெட்டியில் அகப்பட்ட அட்டையை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். எஞ்சின் இப்போது வேறொருவருடையது. அவரும் யாரிடமோ வாங்கியவர். மூன்றாம் நாள் திரும்பி வந்த அக்கா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை.

"இஞ்சின் எனக்கு வேண்டாம். அவன்ரை பேர் கிடக்கோ?"

கிடந்தது. சண்டைக்கு முன்பே எழுதிய அந்தப் பெயரை, சொந்தக்காரர் மாறியதும் பேனையால் ஒரே கோடு போட்டு வெட்டியிருந்தார்கள். புதுப் பெயர் அதற்குக் கீழே இருந்தது. அவர் கோட்டைப் பார்க்கவில்லை. எழுத்துகளைத்தான் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "சரி தங்கச்சி" என்றவர், அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த கிழமை கொழும்பு நிறுவனத்தின் விற்பனையாளர் மடிக்கணினியோடு வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் காட்டினார். அதே நம்பரைக் கொடுத்து, முதலில் அந்த அக்காவின் தம்பி பெயரைப் போடச் சொன்னேன். பிறகு புதியவரின் பெயருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார். திரையில் புதுப் பெயர் மட்டும் நின்றது.

"முதல் இருந்தவர் எங்கே?"

"அவர் இப்ப உங்க கஸ்டமர் இல்லையே, மிஸ். தேவையில்லாதது சேர்ந்தா சிஸ்டம் ஸ்லோவாகும்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஊர் போன்ற ஓர் ஊருக்காக அது செய்யப்படவில்லை, அவ்வளவுதான். நன்றி சொல்லி அனுப்பினேன்.

முதலாளியிடம் நானே கட்டுவதாகச் சொன்னேன். எஞ்சின்களுக்கு ஓர் அட்டவணை, ஆட்களுக்கு ஓர் அட்டவணை, எந்த எஞ்சின் எப்போது யாரிடம் இருந்தது என்பதற்கு மூன்றாவது ஒன்று. பழைய பெயர் அழியாது. அதற்குக் கீழே அடுத்தது வரும்.

அவர் நெடுநேரம் யோசித்தார். "எல்லாம் சரி. நீர் திரும்ப இந்தியாவுக்குப் போனீரெண்டால் உதை ஆர் பாக்கிறது?"

"நான் எங்கே போகப்போறேன்?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், அது அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் என்று உறைத்தது. அம்மாவும் அண்ணன் குடும்பமும் வரப்போவதில்லை என்பது சில மாதங்களாகவே எனக்குத் தெரியும். அண்ணனின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கட்டி முடிக்க ஏழு மாதம் எடுத்தது. இணையம் விட்டுவிட்டு வந்ததால் கிளைகளில் தனித்தனியே பதிய விட்டு, சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் பென் டிரைவில் எடுத்து வந்து சேர்த்து, சேர்த்ததைக் கிளைகளுக்கும் கொடுத்தேன். இரண்டு தடவை எல்லாம் குழம்பி, அட்டைகளிலிருந்து மறுபடி அடித்தேன். ஏன் இதை எடுத்தாய் என்று என்னை நானே திட்டிய நாட்களும் உண்டு; வேறு யாரும் திட்டவில்லை, ஏனென்றால் நான் என்ன செய்கிறேன் என்பதே யாருக்கும் தெரியாது.

மூன்று இடமும் ஒன்றாக வேலை செய்த முதல் நாள், வங்காலை மெக்கானிக் ஃபோனில் கூப்பிட்டார். வயதில் மூத்தவர், கம்பியூட்டர் வேண்டாம் என்று கடைசிவரை நின்றவர்.

"பிள்ளை, கம்பியூட்டரிலை ஒரு இஞ்சினைத் திறந்து பாக்கிறன். அஞ்சு பேர் வைச்சிருந்திருக்கினம். இதிலை ரெண்டு பேரை எனக்குத் தெரியும். ஒண்டாத் தொழிலுக்குப் போனவங்கள்."

அவர்களுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. நம்பரைக் கேட்டு, அந்த எஞ்சினை என் திரையிலும் திறந்தேன்.

"நல்ல வேலை" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

மத்தியானம் ஆகியிருந்தது. மற்றவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் சோற்றுப் பார்சலைப் பிரித்து, திரையைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.