ஒரே பிழை, இரண்டு அடைவுநிலை

செமிலிங் ஊர்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குத் தமிழ்மொழி போதித்துக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் கார்டு கொடுக்கும் நாளன்று தலைமையாசிரியர் என்னை அவசரமாக அறைக்கு அழைத்தார். என் மாணவி துர்காவின் அம்மா மாலா உட்கார்ந்திருந்தார். கையுறைத் தொழிற்சாலை சீருடையைக்கூட மாற்றவில்லை. மேசைமேல் இரண்டு கட்டுரை நோட்டுகள். ஒன்று துர்காவுடையது, மற்றது பக்கத்து வீட்டு நவினுடையது. கட்டுரைக்கு ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை போடுவோம்; ஆறுதான் உயர்ந்தது.

"ரெண்டு பேரும் 'குருவிகள் பறந்தது'ன்னுதான் எழுதியிருக்காங்க டீச்சர். எம்புள்ளைக்குச் சிவப்பு வட்டம். நவினுக்கு ரைட்டு. ரெண்டு பேருமே முடிவுரை எழுதல. அவனுக்கு அடைவுநிலை நாலு, இவளுக்கு ரெண்டு. எப்படி லா?"

"கட்டுரைய முழுசா பார்த்துத்தான் போடுவோம்மா" என்றேன்.

"நானும் முழுசா பார்த்துட்டுத்தான் கேக்குறேன். கீழ 'இன்னும் முயற்சி தேவை'ன்னு எழுதியிருக்கீங்க. எதுல முயற்சி பண்ணணும்? அவளுக்கே தெரியல. ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுறா. மலாய் ஸ்கூலுக்கு மாத்திடப் போறேன்."

என் வகுப்பில் மொத்தமே பதினொரு பேர்; ஒருத்தி போனாலும் பள்ளிக்கு இழப்பு. தலைமையாசிரியர் குறுக்கிட்டார். "டீச்சருக்கு இருபத்தாறு வருஷ சர்விஸ்மா. சரியாத்தான் போட்டிருப்பாங்க."

நான் நோட்டுகளைப் புரட்டினேன். நவின் கெட்டிக்காரன், துர்கா வீட்டுப்பாடம் செய்யாதவள். கட்டுரைக்கல்ல, அட்டையில் இருந்த பெயருக்குத்தான் அடைவுநிலை போட்டிருந்தேன்.

"தப்பு என்மேலதான்மா" என்றேன்.

மாலா மகளின் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். தலைமையாசிரியர் கதவைச் சாத்தினார்.

"பேரண்ட்ஸ் முன்னால இப்படியா ஒத்துக்குவீங்க? நாளைக்கு எல்லாரும் நோட்டைத் தூக்கிட்டு வருவாங்க!"

"வந்தா பதில் சொல்ற மாதிரி திருத்தணும் சார்."

மீதிப் பத்து நோட்டுகளிலும் பெயரைத் தாள் ஒட்டி மறைத்தேன். நானும் ஆறாம் ஆண்டு ஆசிரியை பரமேஸ்வரியும் தனித்தனியாகத் திருத்தினோம். நான்கு நோட்டுகளில் எங்கள் அடைவுநிலை ஒத்துப்போகவில்லை. நான் இலக்கணத்தைப் பார்த்தேன், அவர் கருத்தைப் பார்த்தார். வாக்குவாதம் முற்றி, கடைசியில் எந்த நிலைக்கு என்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினோம். அதன்படி நவின் மூன்றுக்கு இறங்கினான். அவன் அப்பா போனில் கத்தினார். கேட்டுக்கொண்டேன். நவினுக்குப் பிழைகளைக் காட்டியபோது முகம் வாடியது, ஆனால் ஒப்புக்கொண்டான்.

திங்கட்கிழமை துர்கா வரவில்லை. வகுப்பு முழுவதும் என் கண் வாசலில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலாவே நோட்டோடு அவளை அழைத்து வந்தார். துர்காவின் கட்டுரையையும் நாங்கள் நிலைகளை எழுதிய தாளை வைத்துப் பார்த்தேன். அவளுக்கும் மூன்றுதான். பழைய குறிப்பை அடித்துவிட்டு எழுதினேன்: 'மழைக்கு முன் வரும் மண் வாசனையை அழகாகச் சொல்லியிருக்கிறாய். குருவிகள் பல என்பதால் பறந்தன என்று வரும். மழை விட்டபின் என்ன நடந்தது? அதை முடிவுரையாக எழுது.'

துர்கா அதை இரண்டு முறை படித்தாள். "இவ்ளோதானா டீச்சர்? இப்பவே எழுதட்டா?"

மாலா என்னிடம் சிரிக்கவில்லை. "வருஷக் கடைசி வரைக்கும் பார்க்குறேன்" என்று மட்டும் சொன்னார். துர்கா ஆறாம் ஆண்டையும் எங்கள் பள்ளியிலேயே முடித்தாள்.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வந்து "ஏன்?" என்று கேட்டால், அவன் எழுதிய வரியிலேயே விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாதென்றால் அந்த எண்ணை எழுதாதீர்கள்.