நாற்பத்து மூன்றாம் வடம்

சீனாவின் குய்ஜோ மலைகளுக்கு நடுவே, ஆற்றுக்கு வெகு உயரத்தில் வடங்கள் தாங்கி நிற்கும் அந்தப் பாலத்தில் மெங் யூலானுக்கு அது பதினோராவது வருஷம். மாதம் ஒருமுறை, நூற்றுப் பன்னிரண்டு எஃகு வடங்களிலும் கருவியை மாற்றி மாற்றிக் கட்டி, எது எவ்வளவு அதிர்கிறது என்று அளப்பாள். நான்கு நாள் வேலை.

வெய் ஷாவ்லி அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். விடுதியில் ஒரே அறை. ஷாவ்லியைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவள் வடங்கள் நெடுகக் கண்ணாடி இழை பதிக்க வைத்தாள். இழைக்குள் ஒளியைச் செலுத்தினால், திரும்பி வரும் ஒளியே எந்த வடம் எந்த இடத்தில் நடுங்குகிறது என்று காட்டிக் கொடுத்தது. எல்லா வடமும் ஒரே திரையில். பாராட்டாக அலுவலக வாசலில் ஷாவ்லியின் படத்தை மாட்டினார்கள். யூலான் மறுநாளிலிருந்து பின்வாசல் வழியாக வரத் தொடங்கினாள்.

"ஏண்டி, சாப்பாட்டுக்குக் கூட வரமாட்டேங்கறே?" என்றாள் ஷாவ்லி.

"பெரிய மனுஷிங்க பக்கத்துல உக்காந்தா எனக்குப் புளிப்பு சூப் இறங்காது."

ஏப்ரலில் ஒரு மதியம். மழையும் காற்றும். ஷாவ்லி பாராட்டு விழாவுக்கு நகரத்துக்குப் போயிருந்தாள். திரைக்கு முன்னால் யூலான். நாற்பத்து மூன்றாம் வடத்தின் அதிர்வுக் கோடு, அடிப்பக்கத்தில் திடீரென்று தடித்தது.

பதிவேட்டில் 'மாற்றமில்லை' என்று எழுதினால் போதும். நாளைக்கு யாராவது பழுதை நேரில் பார்த்துச் சொன்னால், இழை அதைக் காட்டவில்லை என்று அதன் மானம் போகும். பேனாவைப் பிடித்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தன்மீதே எரிச்சல் வந்தது. மழையங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வடம் உள்ளங்கைக்குள் உதறியது. அதிர்வை அடக்கும் தாங்கியில் இரண்டு திருகாணிகள் அறுந்து கிடந்தன. அந்தப் பக்கம் போக்குவரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஷாவ்லியை அழைத்தாள்.

தாங்கியைச் சரிசெய்த பிறகு ஷாவ்லி எழுதிய அறிக்கை வந்தது. பழுதைக் கண்டுபிடித்தவர்களில் முதல் பெயர் யூலான். பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, தாளை ஷாவ்லியின் மேஜையில் போட்டாள்.

"பிச்சை போடறியா? நான் எழுதாம விட்டுடலாம்னு பார்த்தேன், தெரியுமா?"

ஷாவ்லி தாளை எடுத்து ஓரமாக வைத்தாள். "ஆனா விடலியே, ஓடிப் போய்ப் பார்த்தியே. அடுத்த பயிற்சிக்கு ஒரு பேர் கேக்கறாங்க. அனுப்பட்டுமா, இல்ல அதையும் அடிச்சுடுவியா?"

"அனுப்பு."

இலையுதிர் காலத்தில் யூலான் போய் வந்தாள். இப்போது இருவரும் முறைவைத்துத் திரையைப் பார்க்கிறார்கள். வாசலில் இருக்கும் படத்தை மட்டும் யூலான் இன்னும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.