எல்லாத் திசையிலும் கீறல்கள்

இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து, கவிழ்த்து, மோந்து பார்க்கிறார் வெல்டா கிரான்ட்ஸ். மேசையின் முன்பக்கத்தை இன்னும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. “மூஞ்சிய யாரு வேணும்னாலும் மினுக்கிடலாம். முதுகுல கை வெச்சாத்தான் வண்டவாளம் தெரியும்,” என்கிறார்.

வயது எழுபத்தொன்று. எங்கள் ஒஹாயோ ஆற்றங்கரை ஊரின் கண்ணாடித் தொழிற்சாலை மூடிய ஆண்டு, அதன் எதிரே பழம்பொருள் கடை திறந்தார். அமெரிக்காவில் செய்த மரச்சாமானும் கண்ணாடியும் மட்டுமே உள்ளே வரலாம். ஒருமுறை ஒருவர் பிரெஞ்சுக் குவளையோடு வந்தார். “ரொம்ப அழகா இருக்கு. கார்ல வெச்சுட்டு வாங்க.”

கண்ணாடியைத் தொடும் முன், கீறல் விழாதிருக்க, கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். கணவரை அடக்கம் செய்த அன்று, பக்கத்து வீட்டார் கேக் கொண்டுவந்த பழைய கண்ணாடித் தட்டைக் கையில் வாங்கும்போதும் அப்படியே கழற்றினார். ஊர் அதை வேறுவிதமாகப் பேசியது.

பிறகு கண்ணை மூடி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவுவார். நூறு வருடம் மேசையில் வைத்தெடுத்த கண்ணாடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் ஒரே பக்கமாக ஓடும். மற்றவர்கள் லென்ஸ் வைத்துத் தேடுவதை அந்த விரல் ஒரு தடவலில் கண்டுபிடிக்கும். “வெல்டா பழசுன்னாங்களா?” என்பதற்கு மேல் சுற்றுவட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் குடலில் புற்றுநோய் என்றார்கள். நான்காவது முறை மருந்து ஏற்றியபோது விரல்நுனிகள் மரத்துப்போயின. உணர்ச்சி திரும்பாமலே போகலாம் என்றார் மருத்துவர். தங்கை ஐலீனைத் தவிர யாருக்கும் வெல்டா சொல்லவில்லை. சட்டைப் பொத்தான்களை ஐலீன்தான் போட்டுவிடுகிறார்.

மார்ச் மாத ஏலத்தில், எல்லா வியாபாரிகளும் பார்க்க, கிளைட் என்ற போட்டிக் கடைக்காரர் நீலக் கண்ணாடிக் குடுவை ஒன்றை நீட்டினார். வெல்டா தடவினார். வெகுநேரம் தடவினார்.

“பழசு.”

“என் மச்சான் போன மாசம் கொட்டகைல உக்காந்து தேய்ச்சது! கட்டைவிரல் செத்துப்போச்சா, வெல்டா?”

கிளைட் மட்டும் சிரித்தார். மற்றவர்கள் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, வெல்டா சொன்ன பிறகும் ஆட்கள் பொருளைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மருந்து இன்னும் நான்கு முறை பாக்கி. உதட்டோரமும் லேசாக மரக்கத் தொடங்கியிருக்கிறது.

“முடிச்சிரு அக்கா. உசிரு இருந்தாத்தானே கடை?”

“விரல் போச்சு. உதடு இருக்கு, ஐலீன். அதையும் குடுக்கச் சொல்றியா?”

“எழுபத்தோரு வயசுல உதட்ட வெச்சு யாருக்கு முத்தம் குடுக்கப் போற?”

வெல்டா சிரித்தார்.

இந்தச் செவ்வாய் காலை ஐலீன் காரிலிருந்து ஹாரன் அடித்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம். வெல்டா கோட்டு மாட்டித் தயாராகத்தான் இருந்தார். கதவருகே, யாரோ விற்க விட்டுப்போன சிறிய கண்ணாடிப் பால்குடுவை. அவர் நின்றார். மோதிரத்தைப் பல்லால் கடித்துக் கழற்றினார். இரண்டு உள்ளங்கைகளாலும் குடுவையைத் தூக்கி, கண்ணை மூடி, அதன் அடியைக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்தார்.

ஹாரன் மறுபடி ஒலித்தது. வெல்டா குடுவையைக் கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் உதட்டில் வைத்தார்.