ஜும்ஆ நேரத்தில் நின்றுபோன நம்பர் போர்ட்

படித்து முடித்து நான் செய்த முதல் வேலை, மதுரங்குளியில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு நம்பர் போர்ட். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே ஆண்களுக்கு ஒரு டொக்டர், பெண்களுக்கு ஒரு டொக்டர். காத்திருக்க ஒரே மண்டபம். ஆண்களுக்கு முன்னால் தங்கள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவது பெண்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் நம்பர். டொக்டர் தன் கணினியில் பட்டனை அழுத்தினால் மண்டபத்துத் திரையில் அடுத்த எண் வரவேண்டும்.

இரண்டு டொக்டர்களின் கணினிக்கும் திரையோடு பேச ஒவ்வொரு சொக்கட் வைத்தேன். சொக்கட் என்பது ஒரு கணினி இன்னொன்றோடு பேசத் திறந்து வைக்கும் வாசல், அவ்வளவுதான். என் புரோகிராம் இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தது. முதலில் ஆண்கள் பக்கம், பிறகு பெண்கள் பக்கம். பார்த்த வாசலில் ஏதாவது வரும்வரை அசையாது. வீட்டில் இரண்டு பட்டனையும் நானேதான் மாறி மாறி அழுத்திப் பார்த்தேன். பிறகெங்கே பிழை தெரியும்? பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

முதல் வெள்ளிக்கிழமை, ஆண்கள் பக்க டொக்டர் கணினியை அப்படியே விட்டுவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். புரோகிராம் அவருடைய பட்டனுக்காகக் காத்து நின்றது. பெண்கள் பக்க டொக்டர் பதினான்கை அழுத்தினார், ஒருவரும் வரவில்லை. பதினைந்து, பதினாறு என்று அழுத்திப் பார்த்துவிட்டு, எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாக்கும் என்று அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். வெளியே திரையில் பதின்மூன்று.

பதினான்காம் நம்பர் என் ராத்தாவுடையது. மடியில் காய்ச்சலோடு எட்டு மாதப் பிள்ளை. பக்கத்தில் இருந்த பெண் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறார். ராத்தா கேட்கவில்லை.

"இது என்ட தங்கச்சி செஞ்ச போர்ட். பிழை விடாது, இரிங்க."

முக்கால் மணித்தியாலம் இருந்திருக்கிறார்கள். பிள்ளைக்கு வலிப்பு வந்த பிறகுதான் கதவைத் தட்டினார்கள். டொக்டர் ஓடி வந்து பார்த்தார். பிள்ளை தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

விஷயம் கேள்விப்பட்டு அன்று பின்னேரமே திருத்தினேன். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு த்ரெட், அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையாள். ஒருவன் எவ்வளவு நேரம் காத்து நின்றாலும் மற்றவன் தன் பாட்டில் வேலை செய்வான். பத்துப் பன்னிரண்டு வரிதான். இந்த முறை ஆண்கள் பட்டனைத் தொடாமலே மற்றதை அழுத்திப் பார்த்தேன்.

அடுத்த மாதம் பிள்ளையோடு ராத்தா அங்கே போனபோது நானும் கூடப் போனேன். போர்ட் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ராத்தா நம்பர் எடுத்தார். திரைக்கு முன்னால் கதிரைகள் காலியாகக் கிடந்தன. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் டொக்டரின் கதவோரம் நின்றுகொண்டார்.